கற்றாழை பட்டர் கடைசியில் கட்டியாக நின்றுவிட்டது!

வணக்கம் மக்களே! இந்த டப்பாவை அப்படியே கவிழ்க்கிறேன், பாருங்கள். ஒரு சொட்டு வழிகிறதா? இல்லை! மதுரை வெயிலில், ஃபேன்கூட இல்லாத அடுப்படியில் மூன்று நாள் இருந்த, கற்றாழை பட்டர் போட்டு நான் செய்த பித்தவெடிப்பு பாம், அதாவது களிம்பு, இது. போன இரண்டு தடவையும் எண்ணெயாக ஓடியதை நீங்களே பார்த்தீர்கள்.

முதலில் என் கோபத்தைச் சொல்லிவிடுகிறேன். கற்றாழை பட்டர் 100 கிராம் 480 ரூபாய், கூரியருக்கு 60 தனி. பார்சலைப் பிரித்தால் உள்ளே வெறும் எண்ணெய்! மூடியோரம் கசிந்து கவரெல்லாம் பிசுபிசு. கேட்டால், "ஃபிரிட்ஜில் வையுங்க, இறுகிடும்" என்கிறார்கள். இறுகத்தான் செய்தது. ஆனால் 540 ரூபாய் வாங்குகிறவர்கள் அதை லேபிளில் எழுத வேண்டாமா? முன்பக்கம் பெரிய கற்றாழைப் படம். பின்பக்கம் பொடி எழுத்தில் முதல் பெயரே தேங்காய் எண்ணெய், அப்புறம்தான் கற்றாழைச் சாறு.

விஷயம் இதுதான். கற்றாழைச் சோற்றில் 98 சதவீதத்துக்கு மேல் தண்ணீர். ஷியா என்ற ஆப்பிரிக்க மரத்தின் கொட்டையில் கொழுப்பு எடுப்பதுபோல (அதுதான் ஷியா பட்டர்) இதில் எடுக்க முடியாது. தேங்காய் எண்ணெயில் கற்றாழைச் சத்தைச் சேர்த்துத்தான் பெரும்பாலும் செய்கிறார்கள். அந்த எண்ணெய் 24 டிகிரி வாக்கிலேயே உருகிவிடும், மே மாதத்தில் எப்படி நிற்கும்? ஆனாலும் எனக்கு இது ரொம்பப் பிடிக்கும். விரலில் எடுத்ததும் கரைந்துவிடும், ஷியா பட்டர் மாதிரி இழுக்காது.

தேன்மெழுகுதான் இந்தத் தடவை காப்பாற்றியது. அது உருக 62 டிகிரிக்கு மேல் வேண்டும். 100 கிராமுக்கு மெழுகு 20, கற்றாழை பட்டர் 35, ஷியா பட்டர் 25, நல்லெண்ணெய் 20. கொதிக்கும் தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் கிண்ணத்தை வைத்து மெழுகை முதலில் உருக்குங்கள். கற்றாழை பட்டர் கடைசியில். ஊற்றியதும் நேராக ஃபிரிட்ஜ். மெதுவாக ஆறவிட்டால் ஷியா பட்டர் ரவை ரவையாகத் திரண்டுவிடும், எனக்கு அது சுத்தமாகப் பிடிக்காது.

ஐயோ, முக்கியமானதை விட்டுவிட்டேன்! கிண்ணம், கரண்டி, டப்பா எதிலும் ஈரம் இருக்கக் கூடாது. "தொட்டிக் கற்றாழையை மிக்ஸியில் அடித்துத் தேங்காய் எண்ணெயில் கலக்கலாமா?" என்று நிறையப் பேர் கேட்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். தண்ணீரும் எண்ணெயும் பிரிந்து நிற்கும். பதப்படுத்தும் பொருள் இல்லாததால் சில நாளில் பூஞ்சை வரும். மடலை வெட்டியதும் வடிகிற மஞ்சள் பால் வேறு சிலருக்கு அரிக்கும். பச்சைக் கற்றாழை வேண்டுமென்றால் மடலை நிமிர்த்தி வைத்து அந்தப் பாலை வடியவிட்டு, சோற்றைக் கழுவி, அன்றைக்கே தடவி முடித்துவிடுங்கள்.

முகத்துக்கு இந்த பாம் வேண்டாம். பரு வருகிற முகத்துக்குத் தேங்காய் எண்ணெய் ஆகாது. காலுக்குத் தடவுவதாக இருந்தாலும் முதலில் முழங்கை மடிப்பில் கொஞ்சம் தடவி ஒரு நாள் பாருங்கள்.

அத்தை ராத்திரி குதிகாலில் தடவி, காட்டன் சாக்ஸ் போட்டுத் தூங்குகிறார். பத்து நாளாயிற்று. வெடிப்பின் ஓரத்தில் வெள்ளையாகத் தூக்கிக்கொண்டிருந்த தோல் படிந்துவிட்டது, புடவை நூல் மாட்டுவதில்லை என்கிறார். ஆ, இன்னொன்று! 100 கிராமுக்கு இரண்டு டப்பாதான் வந்தது. ஒன்றை அவர் தன் அலமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார்.