சொட்டு மருந்தை மறுத்தவங்களைப் பார்த்துச் சிரிக்கலாமா?

[திரையில்: பழைய மரக்கதவு ஒன்று. அதன் மேல் சாக்பீஸில் ஒரு எழுத்து.]

வணக்கம். இந்தக் கதவுல 'எக்ஸ்'னு போட்டிருக்கு, பாருங்க. 2000-களோட தொடக்கத்துல மேற்கு உத்தரப் பிரதேசத்துல, மொராதாபாத் வட்டாரத்துல தெருத் தெருவா இந்தக் குறி இருந்துச்சு. போலியோ சொட்டு மருந்துக் குழு வந்துட்டுப் போகும்போது எழுதிட்டுப் போவாங்க. வீட்டுல எல்லாக் குழந்தைக்கும் மருந்து கொடுத்தாச்சுன்னா 'பி'. ஒரு குழந்தை விட்டுப்போயிருந்தாலும் 'எக்ஸ்'. மருந்து வாங்கின பிள்ளையோட சுண்டு விரல்ல மை வைப்பாங்க.

'எக்ஸ்' விழுந்த வீடுகள்ல சிலது, பிள்ளை ஊருக்குப் போயிருந்த வீடு. சிலது, பெத்தவங்களே வேண்டாம்னு கதவைச் சாத்தின வீடு. காரணம் கேட்டா, "இது பின்னாடி குழந்தை பிறக்காம பண்ற மருந்து. எங்க சனத்தைக் குறைக்க அரசாங்கம் பண்ற வேலை"ன்னு பதில் வரும். அப்படிச் சொன்னவங்கள்ல நிறைய பேர் ஏழை முஸ்லிம் குடும்பங்கள்.

அது பொய். போலியோ சொட்டு மருந்தால மலட்டுத்தன்மை வராது. அந்தப் பொய்க்கு விலை கொடுத்தது குழந்தைங்க. 2002-ல மட்டும் இந்தியாவுல 1,600 குழந்தைகளுக்குப் போலியோ வந்துச்சு, அதுல பெரும்பகுதி உத்தரப் பிரதேசத்துல. அதனால, "அவங்க நம்பிக்கை, விட்டுடுவோம்"னு நான் சொல்ல வரல.

ஆனா அந்த அம்மாக்களைப் பத்தி அப்போ படிச்சவங்க பேசின பேச்சு இருக்கே... "படிப்பறிவில்லாத கூட்டம்", "இவங்களுக்கு எவ்வளவு சொன்னாலும் மண்டையில ஏறாது". இந்தக் கேலி ஏன் தப்புன்னு கேட்டா, மனசு புண்படும்னுதான் பொதுவா சொல்வோம். எனக்கு அதைவிடப் பெரிய தப்பா படறது வேற. 'முட்டாள்'னு முத்திரை குத்தின அந்த நிமிஷமே, இவங்க ஏன் இப்படி நினைக்கறாங்கன்னு கேக்கற வேலை முடிஞ்சு போகுது. கேட்டிருந்தா என்ன கிடைச்சிருக்கும்னு பார்ப்போம்.

[திரையில்: 1976]

எமர்ஜென்சி காலம். 1976-77-ல ஒரே ஆண்டுல நாடு முழுக்க 80 லட்சத்துக்கும் மேல கருத்தடை ஆபரேஷன். அதுல பெரும்பாலானவங்க ஆண்கள். ஆசிரியர், கிராம அலுவலர்னு எல்லாருக்கும் இத்தனை பேரைப் பிடிச்சுட்டு வரணும்னு கணக்கு. ஹரியானாவுல உத்தாவர்னு ஒரு கிராமம், பெரும்பாலும் முஸ்லிம்கள் வாழற ஊர். 1976 நவம்பர்ல விடியற நேரம் போலீஸ் ஊரைச் சுத்தி வளைச்சுது. ஆம்பளைங்க எல்லாம் வெளியே வாங்கன்னு ஒலிபெருக்கியில அறிவிப்பு. வந்தவங்களை வண்டியில ஏத்திக் கொண்டுபோய், நிறைய பேருக்கு ஆபரேஷன் பண்ணி அனுப்பினாங்க. அதுக்கு முந்தின மாசம்தான் முசாபர்நகர்ல கருத்தடையை எதிர்த்துத் திரண்டவங்க மேல துப்பாக்கிச் சூடு நடந்துச்சு. முசாபர்நகர் இருக்கறதும் இதே மேற்கு உத்தரப் பிரதேசத்துலதான்.

இப்போ கணக்குப் போடுங்க. 1976-ல பத்து வயசுப் பையன், 2002-ல முப்பத்தாறு வயசு அப்பா. அவன் வீட்டு வாசல்ல அரசாங்க ஆள் ஐஸ் பெட்டியோட நிக்கறாரு. "அரசாங்கம் எங்களுக்குப் பிள்ளை இல்லாம பண்ணப் பார்க்குது"ன்னு அவன் சொல்றது அறிவில்லாத பேச்சா? மருந்து விஷயத்துல அவன் சொன்னது தப்பு. அரசாங்கத்தைப் பத்தி அவனுக்கு இருந்த ஞாபகம் தப்பில்ல.

இன்னொரு புகாரும் இருந்துச்சு. "எத்தனை தடவைதான் போடுவீங்க? போட்ட பிள்ளைக்கும் வருதே!" இதுக்கும் சிரிச்சாங்க, அறிவியல் தெரியாதவங்கன்னு. ஆனா அவங்க கண்ணால பார்த்தது உண்மை. பல தடவை மருந்து வாங்கின குழந்தைங்களுக்கும் அங்கே போலியோ வந்துச்சு. அந்தச் சொட்டு மருந்துல இருக்கறது பலவீனமாக்கின உயிருள்ள வைரஸ். அது குடல்ல தங்கிப் பெருகினாத்தான் எதிர்ப்புச் சக்தி வரும். ஓயாத வயித்துப்போக்கு, வேற கிருமிகள், சாக்கடையும் குடிதண்ணியும் கலக்கற நெரிசலான தெரு... இதுக்கு நடுவுல மருந்து சரியா பிடிக்கல. 2006-ல வெளியான ஆய்வுல, பழைய மருந்தோட ஒரு தவணை உத்தரப் பிரதேசக் குழந்தைக்குக் கொடுத்த பாதுகாப்பு சுமார் 9 சதவீதம்தான். உத்தரப் பிரதேசம், பீகார் தவிர்த்த மத்த இடங்கள்ல சுமார் 21. நம்ம வேலூர் சி.எம்.சி.யில டாக்டர் டி. ஜேக்கப் ஜான், இந்தியக் குழந்தைகளுக்கு இந்த மருந்து எதிர்பார்த்த அளவு பிடிக்கலன்னு 1970-கள்லயே காட்டியிருந்தார்.

வாசல்ல நின்ன அம்மாவும் வேலூர் விஞ்ஞானியும் பார்த்தது ஒரே விஷயத்தை. ஒருத்தர் சொன்னது ஆய்வுக் கட்டுரை ஆச்சு. இன்னொருத்தர் சொன்னது கேலி ஆச்சு. இது எனக்கு ஆறவே மாட்டேங்குது.

மூணாவது கேள்வி ரொம்ப எளிசு. "பிள்ளைக்குக் காய்ச்சல்னு ஆஸ்பத்திரிக்குப் போனா மாத்திரை இல்ல. இந்த ரெண்டு சொட்டுக்கு மட்டும் வீடு தேடி வந்து கெஞ்சறீங்களே, ஏன்?" இதுல சிரிக்க என்ன இருக்கு?

[திரையில்: பாகிஸ்தான் வரைபடம், அபோட்டாபாத்]

"தடுப்பூசிக்காரங்க உளவாளிங்க"ங்கற பேச்சும் உலகம் சிரிச்ச ஒண்ணுதான். 2011-ல அபோட்டாபாத்துல பின்லேடனைத் தேட, அமெரிக்க உளவு அமைப்பு சி.ஐ.ஏ. ஒரு டாக்டரை வச்சுத் தடுப்பூசி முகாம்ங்கற பேர்ல ஆள் அடையாளம் தேடினது வெளிய வந்துச்சு. இனிமே அப்படிச் செய்ய மாட்டோம்னு வெள்ளை மாளிகை 2014-ல சொல்ல வேண்டியதாச்சு. அதுக்குள்ள பாகிஸ்தான்ல சொட்டு மருந்து கொடுக்கப்போன எத்தனையோ பெண்கள் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தாங்க.

திரும்ப உத்தரப் பிரதேசம். அங்கே நிலைமை மாறினது எப்படி? யூனிசெஃப் உதவியோட அந்தந்தத் தெருப் பெண்களையே வேலைக்கு எடுத்தாங்க. வெளியூர் அதிகாரிக்குத் திறக்காத கதவு, பக்கத்து வீட்டு அக்காவுக்குத் திறந்துச்சு. இமாம்கள் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில மருந்து கொடுக்கச் சொன்னாங்க. அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகம், டெல்லி ஜாமியா பல்கலைக்கழகத்துக்காரங்க வீடு வீடா போய்ப் பேசினாங்க. போலியோவோட நிக்காம வயித்துப்போக்கு, சுத்தமான தண்ணி, சோப்பு போட்டுக் கை கழுவறதுன்னு எல்லாத்தையும் சேர்த்து, உத்தரப் பிரதேசத்துலயும் பீகார்லயும் 107 வட்டாரங்கள்ல திட்டம் போட்டாங்க. மருந்தையும் மாத்தினாங்க. 2010-ல இன்னும் நல்லா வேலை செய்யற புது வகை வந்துச்சு. கவனிச்சீங்களா? அந்த அம்மாக்கள் கேட்ட மூணு கேள்விக்கும் ஒவ்வொண்ணா பதில் சொன்ன மாதிரி ஆச்சு. இந்தியாவுல இயற்கையா பரவற போலியோ வைரஸ் தாக்கின கடைசி நோயாளி, மேற்கு வங்காளத்து ஹவுராவுல ஒரு குழந்தை, 2011 ஜனவரி 13. மூணு வருஷம் கழிச்சு, 2014 மார்ச் 27-ல இந்தியாவும் சேர்ந்த, உலக சுகாதார நிறுவனத்தோட தென்கிழக்கு ஆசிய வட்டாரத்துக்கே போலியோ ஒழிஞ்ச சான்றிதழ் கிடைச்சுது.

"அப்போ யாரையும் எதையும் கேலி பண்ணவே கூடாதா?"ன்னு கேப்பீங்க. வதந்தியை வச்சுக் காசு பாக்கறவனும், பிள்ளைக்காகப் பயப்படறவளும் ஒண்ணு இல்ல. தடுப்பூசியால ஆட்டிசம் வரும்னு 1998-ல கட்டுரை எழுதின பிரிட்டிஷ் டாக்டர் ஆண்ட்ரூ வேக்ஃபீல்ட், தடுப்பூசி கம்பெனிங்க மேல வழக்குப் போடற வக்கீல்கிட்ட பணம் வாங்கினதை மறைச்சார். 2010-ல கட்டுரை திரும்பப் பெறப்பட்டுச்சு, டாக்டர் தொழில் பண்ற உரிமையும் போச்சு. அவரைக் கிழிங்க, நானும் சேர்ந்துக்கறேன். அவரை நம்பிப் பயந்த அம்மாவைக் கிழிச்சா, அவ திரும்ப அவர்கிட்டயேதான் போவா. அங்கேதான் அவளை யாரும் முட்டாள்னு சொல்லல.

இது வடநாட்டுக் கதைன்னு நினைக்காதீங்க. 2017 பிப்ரவரியில தமிழ்நாட்டுல தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி முகாம் ஆரம்பிச்சப்போ, வாட்ஸ்அப் வதந்தியில படிச்ச பெத்தவங்களே பின்வாங்கினாங்க. முகாமை மார்ச் வரைக்கும் நீட்டிக்க வேண்டியதாச்சு. அப்போ எழுந்த ஒரு சந்தேகம்: "என் பிள்ளைக்கு ஏற்கெனவே தனியார் ஆஸ்பத்திரியில போட்டாச்சே, எதுக்கு மறுபடியும்?" நியாயமான கேள்வி. முன்னாடி போட்டிருந்தாலும் கூடுதலா ஒரு தவணை கெடுதல் பண்ணாது. ஊசி போட்டும் எதிர்ப்புச் சக்தி வராத சில குழந்தைங்களுக்கு இது கைகொடுக்கும். அதனாலதான் 9 மாசத்துலேர்ந்து 15 வயசுக்குள்ள இருக்கிற எல்லாருக்கும் போடச் சொன்னாங்க. பதில் சொல்ல அரை நிமிஷம்கூட ஆகல.