‘நிறைய’ என்று எழுதிக்கொண்டார்

அனைவருக்கும் வணக்கம். வணிகர் சங்கங்கள் அரசிடம் எப்படிப் பேச வேண்டும் என்று சொல்ல என்னைக் கூப்பிட்டிருக்கிறீர்கள். பேசி ஜெயித்த கதை வரும் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். நான் அசடு வழிந்த கதையிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

ஒரு கடைத்தெருச் சங்கத்துக்கு அப்போது நான் செயலாளர். காலை எட்டு மணி முதல் இரவு எட்டு மணி வரை சரக்கு வண்டி எதுவும் தெருவுக்குள் வரக் கூடாது என்று ஓர் உத்தரவு தயாராவதாகக் காதில் விழுந்தது. உடனே நான்கு பக்கத்துக்கு மனு எழுதினோம். ‘அனைத்து வணிகர்களின் வாழ்வாதாரமும் கேள்விக்குறியாகிவிடும்’ என்ற வரி என்னுடையது. எழுதியபோது எனக்கே கண் கலங்கியது.

அதிகாரி பொறுமையாகப் படித்தார். நிமிர்ந்து, “ஒரு நாளைக்கு எத்தனை வண்டி வருது?” என்று கேட்டார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பின்னால் நின்ற பொருளாளர், “நிறைய சார்” என்றார். அதிகாரி பென்சிலை எடுத்து மனுவின் ஓரத்தில் ‘நிறைய’ என்று எழுதிக்கொண்டு கோப்பை மூடினார். கிண்டலா, குறிப்பா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அப்போது கோபம் வந்தது. பிறகு யோசித்தால், அவர் நிலைமை புரிந்தது. எங்கள் மனுவை வைத்து அவர் மேலிடத்துக்கு ஒரு குறிப்பு எழுதியாக வேண்டும். ‘நிறைய’ என்பதை எந்தக் குறிப்பில் எழுதுவார்? ஒரு வண்டியிலிருந்து சரக்கு இறக்க எத்தனை நிமிடம் ஆகும், எந்த நேரத்தில் வண்டிகள் வந்து குவியும், இதெல்லாம் அவர் மேஜைக்கு வராத விஷயங்கள். எங்கள் வாசலில் தினமும் நடப்பவை. சங்கத்தின் கையில் இருக்கும் ஒரே சரக்கு அதுதான். அதை வீட்டில் வைத்துவிட்டுக் கண்ணீரை எடுத்துக்கொண்டு போயிருந்தோம்.

இது புதிய விஷயம் இல்லை. உலகின் முதல் வர்த்தக சபை என்று பிரான்சின் மர்சேய் துறைமுக நகரத்தின் சபையைச் சொல்வார்கள். 1599-இல் நகர மன்றம் நான்கு வணிகர்களைப் பிரதிநிதிகளாக நியமித்தது. மத்தியதரைக் கடலில் கொள்ளைக்காரர்கள் தொல்லை. கப்பல் அனுப்புகிறவனுக்குத்தானே எந்தக் கப்பல் திரும்பவில்லை என்று முதலில் தெரியும்? வணிகரை அரசு பக்கத்தில் உட்கார வைத்ததன் காரணம் அந்தத் தகவல்.

சரி, எங்கள் தெருவுக்கு வருகிறேன். ஒரு வாரம் ஆளுக்கொரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்தோம். வண்டி வந்த நேரம், கிளம்பிய நேரம், எந்தக் கடைக்கு என்று எழுதினோம். ஞாயிறன்று எல்லா நோட்டுகளையும் ஒரு மேஜையில் பரப்பிக் கூட்டிப் பார்த்தபோது இரண்டு விஷயம் தெரிந்தது. முதலாவது, வண்டிகளில் பெரும்பாலானவை பதினொரு மணிக்குள் வந்து போய்விடுகின்றன. இரண்டாவதுதான் சங்கடம். தெருவில் பாதிக் கடைகளுக்குப் பகலில் வண்டியே வருவதில்லை. அவர்களில் சிலர், “உத்தரவு வந்தா நல்லதுதானே, வாடிக்கையாளர் நிம்மதியா நடப்பாங்க” என்றார்கள். அதாவது ‘அனைத்து வணிகர்களும்’ என்று நான் கண் கலங்கி எழுதிய வரி பொய்.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் சங்கத்தின் உண்மையான வேலை நடந்தது என்று நினைக்கிறேன். மொத்த வியாபாரம் செய்பவர்கள் ஒரு பக்கம், சில்லறைக் கடைக்காரர்கள் ஒரு பக்கம். நான்கு மணி நேரம். நாற்காலி ஒன்று உடைந்தது, வேண்டுமென்று இல்லை. கடைசியில் பதினொரு மணி வரை வண்டி வரட்டும், அதற்குமேல் வேண்டாம் என்று தீர்மானம். அரசிடம் பேசுவதை நாம் சங்கத்தின் வேலையாக நினைக்கிறோம். அதற்கு முன்னால் உறுப்பினர்கள் தங்களுக்குள் பேசி முடிப்பதுதான் பெரிய வேலை. அதைச் செய்யாமல் போனால், நம் மனுவுக்கு எதிராக நம் உறுப்பினரே அதே அலுவலகத்தில் நாளை போய் நிற்பார்.

பெரிய அளவிலும் இப்படித்தான். பிரிட்டனில் 1815-இல் தானியச் சட்டம் வந்தது. உள்நாட்டுக் கோதுமை விலை ஒரு குறிப்பிட்ட அளவைத் தொடும்வரை வெளிநாட்டுக் கோதுமையை அங்கே விற்க முடியாது. ரொட்டி விலை ஏறினால் கூலியும் ஏறுமே என்று மான்செஸ்டரின் ஆலை முதலாளிகளுக்கு இது பிடிக்கவில்லை. 1838 டிசம்பரில் மான்செஸ்டர் வர்த்தக சபை கூடியபோது, நிர்வாகிகள் மிதமான ஒரு மனுவை வைத்தார்கள். சபை உறுப்பினரான துணித் தொழிலதிபர் ரிச்சர்ட் காப்டன் அதை ஏற்கவில்லை. சட்டத்தையே ரத்து செய்யக் கேட்கும் மனுவை முன்வைத்து அதை நிறைவேற்ற வைத்தார். சட்டத்தை ரத்து செய்ய முடிவானது 1846-இல். நாடாளுமன்றத்தில் நடந்த சண்டையைத்தான் எல்லோரும் சொல்வார்கள். அதற்கு ஏழு ஆண்டுகளுக்கு மேல் முன்பே, சபையின் சொந்தக் கூடத்தில் ஒரு சண்டை முடிந்திருந்தது.

உறுப்பினரைக் கேட்காமல் பேசினால் என்ன ஆகும்? ஜெர்மனியில் தொழில் வர்த்தக சபையில் நிறுவனங்கள் கட்டாயமாக உறுப்பினராக இருக்க வேண்டும். விலகிப் போக முடியாது. அங்கே காற்றாலைத் தொழிலில் இருந்த ஓர் உறுப்பினர், தன் சபை சேர்ந்திருந்த தேசியக் கூட்டமைப்பின் மேல், ‘எனக்கு ஒவ்வாத அரசியல் கருத்துகளை என் பெயரில் பேசுகிறது’ என்று சொல்லி வழக்குப் போட்டார். கூட்டமைப்பு தன் எல்லையை மீறியது, உள்ளூர்ச் சபை அதிலிருந்து விலக வேண்டும் என்று 2020 அக்டோபரில் உச்ச நிர்வாக நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நம் சங்கங்களில் யாரும் வழக்குப் போடுவதில்லை. பேசாமல் சந்தாவை நிறுத்திவிடுவார்கள். தண்டனை அதேதான், சத்தம் இருக்காது.

நேரம் பற்றி இரண்டு வார்த்தை. உத்தரவு கையெழுத்தான பிறகு போடும் கூச்சல் பெரும்பாலும் வீண். வரைவு வெளியாகிக் கருத்துக் கேட்கும்போதே போக வேண்டும். அமெரிக்காவில் மத்திய அரசு விதிகளை அறிவித்துப் பொதுமக்கள் கருத்தைக் கேட்க வேண்டும் என்று 1946-லேயே சட்டம் வந்துவிட்டது. அங்கேயும் கடைசி நாளில் ஓடுகிறவர்கள் உண்டு.

அப்புறம் ஒரு கசப்பான விஷயம். ஒரே தொழில் செய்பவர்கள் விருந்துக்குக் கூடினாலும் பேச்சு பொதுமக்களுக்கு எதிரான சதியிலோ விலையை ஏற்றும் தந்திரத்திலோ போய் முடியும் என்று பொருளியல் அறிஞர் ஆடம் ஸ்மித் 1776-இல் எழுதினார். படிக்கும்போது எனக்கும் சுருக்கென்றது. ஆனால் அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ‘சட்டத்தை மாற்றுங்கள்’ என்று அரசிடம் கேட்பது ஒன்று. ‘நாளை முதல் எல்லோரும் இந்த விலை’ என்று கூட்டத்தில் முடிவெடுப்பது வேறு. பல நாடுகளில் பின்னது குற்றம். கூட்டக் குறிப்பில் விலை என்ற சொல் வந்தாலே நான் பேனாவை மூடிவிடுவேன்.

கடைசியாக, சந்தா. பொருளியலாளர் மான்கர் ஓல்சன் 1965-இல் சொன்ன விஷயம் எந்தச் சங்கச் செயலாளரைக் கேட்டாலும் தெரியும். சங்கம் போராடி வாங்கித் தரும் பயன் சந்தா கட்டாதவருக்கும் கிடைக்கும்போது, கட்டுவதற்கு அவருக்கு ஏன் மனசு வரும்? அதனால்தான் சங்கங்கள் உறுப்பினருக்கு மட்டும் காப்பீடு, பயிற்சி என்று ஏதாவது சேர்த்துக் கொடுக்கின்றன. அதைச் சிலர் கேலி செய்வார்கள். நான் செய்ய மாட்டேன். மனு எழுதப் பேப்பர் வாங்கும் காசு அங்கிருந்துதான் வருகிறது.

எங்கள் கதையை முடிக்கிறேன். நோட்டுக் கணக்கை ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுத்தோம். அதிகாரி இந்த முறை பென்சிலை எடுக்கவில்லை, பேனாவை எடுத்தார். பதினொரு மணி கேட்டோம், பத்தரை வரை அனுமதி கிடைத்தது. உத்தரவு வந்த மறுநாள் காலையிலேயே ஒருவர் என் கடைக்கு வந்து, அரை மணி நேரத்தை விட்டுக்கொடுத்துவிட்டீர்களே, என்ன சங்கம் இது என்று சத்தம் போட்டார். உட்கார வைத்து, ரசீதுப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினேன். அவர் சந்தா கட்டி மூன்று வருடம் ஆகியிருந்தது.