முழுக் கொப்பி

நடுவர் ஐயா அவர்களே, மட்டக்களப்பு வாவிக்கரைப் புழுக்கத்தையும் பொறுத்துக்கொண்டு இருக்கிற சபையோரே, வணக்கம்.

படமும் இயக்கி நாவலும் எழுதுகிற ஒருவர் முழுதாக வெளிப்படுவது சினிமாவிலா, நாவலிலா? நாவலிலே என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எதிரணித் தம்பி செனகல் நாட்டுச் செம்பேன் உஸ்மானைக் கொண்டுவந்து நிறுத்தினார். மார்செய்ல் துறைமுகத் தொழிலாளி. 1956இல் முதல் நாவலை வெளியிட்டவர். தன் சனங்களில் பலருக்கு வாசிக்கத் தெரியாது என்பதால் நாற்பது வயதளவில் கமெராவைத் தொட்டவர். ஆகவே சினிமாவே வென்றது என்றார் தம்பி. சொன்னதில் பிழையில்லை. ஆனால் கதையைப் பாதியில் விட்டுவிட்டார்.

1992இல் செம்பேன் 'கெல்வார்' படத்தை எடுத்தார். இறந்துபோன ஒரு கிறிஸ்தவரின் உடல் மாறிப்போய் முஸ்லிம் மையவாடியில் அடக்கப்பட்டுவிடுகிறது. தமிழ் ஊரான ஆரையம்பதியும் முஸ்லிம் ஊரான காத்தான்குடியும் வேலிக்கு வேலி கிடக்கிற நம் மண்ணில் இதைக் கேட்டால் நெஞ்சு பதறாதா? படத்தோடு அவர் அதை விட்டுவிடவில்லை. திரும்ப உட்கார்ந்து அதே கதையை நாவலாக எழுதி 1996இல் வெளியிட்டார். அப்போது அவருக்கு எழுபது தாண்டிவிட்டது.

ஏன் எழுதினார்? திரைக்கதையில் கண்ணுக்குத் தெரிவதையும் காதுக்குக் கேட்பதையும்தான் எழுதலாம். ஒரு பக்கம் திரையில் ஏறக்குறைய ஒரு நிமிடம். 120 பக்கத்தைத் தாண்டினால் வெட்டு விழும். அடக்கிய உடலைத் தோண்டப் போகிறவன் மண்வெட்டியைப் பிடிக்கையில் அவன் மனதில் என்னவெல்லாம் ஓடும்? நடிகன் முகத்தில் கொஞ்சம் தெரியும். மிச்சத்தை எங்கே வைப்பது?

என் பெரியப்பா வந்தாறுமூலையில் வடமோடிக் கூத்து அண்ணாவியார், கூத்தைப் பழக்கி ஆட்டுவிக்கிறவர். சட்டம், அதாவது ஆடுபவரின் பாட்டுப் பங்கு, கொடுக்கிற நாளில் அருச்சுனனுக்கு ஆடுபவருக்கு அருச்சுனன் பாட்டு, வீமனுக்கு வீமன் பாட்டு என்று அவரவர் பங்கை மட்டுமே எழுதிக் கொடுப்பார். கூத்து முழுவதும் எழுதிய கொப்பி, அந்த முழுக் கொப்பி, அவர் கையில். 1978 நவம்பர் 23 இரவு சூறாவளி எங்கள் கூரையைப் பிடுங்கிக்கொண்டு போனபோது, மத்தளத்தை விட்டுவிட்டு அந்தக் கொப்பியைத்தான் சாரத்துக்குள் செருகிக்கொண்டு ஓடினார். அப்போது எனக்குப் பதினொரு வயது. பெரியம்மா அழுத அழுகைக்குள்ளும் பெரியப்பா கொப்பி இருக்கிறதா என்று தன் வயிற்றைத் தடவித் தடவிப் பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

படத்திலும் இதே கதைதான். நடிகருக்கு ஒரு சட்டம், ஒளிப்பதிவாளருக்கு ஒரு சட்டம், தொகுப்பாளருக்கு ஒரு சட்டம். கூத்தாடுகிற களரியைச் சுற்றி இருக்கிறவர்கள் போல, நமக்கு ஆட்டம் கிடைக்கிறது. அழகான ஆட்டம், மறுக்கவில்லை. நாவலிலே அண்ணாவியார் முழுக் கொப்பியையும் நம் மடியில் வைத்துவிடுகிறார், ஐயா!

நம் தமிழுக்கு வருவோம். ஜெயகாந்தன் தன் நாவலைத் தானே படமாக்கினார். 1965இல் வந்த 'உன்னைப்போல் ஒருவன்' தேசிய விருது வாங்கியது. இந்த மண்டபத்தில் அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் கையை உயர்த்துங்கள். முன்வரிசையில் ஒரு கை. நன்றி ஐயா. அவருடைய நாவல் ஒன்றையாவது வாசித்தவர்கள்? அந்தக் கடைசி வரிசை அக்காமாரையும் பாருங்கள் நடுவர் அவர்களே, எண்ண முடியவில்லை.

அடுத்துப் பேச வருகிற எதிரணித் தங்கச்சியிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். சினிமா போதுமென்றால், படம் எடுத்து முடித்த செம்பேன் அந்த வயதில் மறுபடியும் பேனா பிடித்தது எதற்காக? அதற்குப் பதில் சொல்லிவிட்டு மற்றதைப் பேசுங்கள், தங்கச்சி.