ரயில் நிற்காத நிலையங்கள்

மூணாறு, தேவிகுளம், பூப்பாறை, மறையூர் பக்கமிருந்து கேட்டுக்கொண்டிருக்கும் நேயர்களுக்கு வணக்கம்.

கனடாவின் டொரன்டோ நகரத்தில் குவீன் என்று ஒரு சுரங்க ரயில் நிலையம். 1954இல் திறந்தார்கள். அதற்கு அடியிலேயே இன்னொரு நிலையத்துக்கும் வெறும் கூடாக, தண்டவாளம் போடாமல், கட்டி வைத்தார்கள். குவீன் தெருவுக்குக் கீழே டிராம் ஓடும் என்பது திட்டம். டிராம் வரவில்லை. 1966இல் திறந்த அடுத்த பாதை வேறு தெரு வழியாகப் போய்விட்டது. ஆனால் ஒரு நடைமேடையிலிருந்து மற்றதற்குக் கடந்த பயணிகள் பல வருஷமாக அந்தக் கூட்டின் ஒரு பகுதி வழியாகத்தான் நடந்திருக்கிறார்கள். எங்கே நடக்கிறோம் என்று தெரிந்தவர்கள் குறைவுதான்.

வராத ரயிலுக்கு எதற்கு நிலையம்? பின்னால் மாடி எடுக்கலாம் என்று தூண் கம்பியை மொட்டைமாடிக்கு மேலே நீட்டி விட்டுவைக்கிறோம் இல்லையா, அதே கணக்குத்தான். தெருவை ஒருமுறை தோண்டும்போதே அடுத்த பாதைக்கும் சேர்த்துத் தோண்டிவிட்டால் செலவு குறையும். நியூயார்க்கில் புரூக்ளின் பகுதியில் 1930களில் அப்படிக் கட்டிய ஒரு பெரிய கூடு, தண்டவாளமே இல்லாமல் இன்னும் கிடக்கிறது.

லண்டனில் ஹாம்ப்ஸ்டெட் பக்கம் நார்த் எண்ட் நிலையத்தின் கதை வேறு. நடைமேடைக்கான சுரங்கம்வரை குடைந்தாயிற்று. ரயில் வந்தால் மேலே வீடுகள் பெருகும், பயணிகள் வருவார்கள் என்று நம்பியிருந்தார்கள். ஹென்ரியேட்டா பார்னெட் என்ற அம்மையாரும் மற்றவர்களும் மேலே இருந்த புல்வெளியைக் காப்பாற்றக் கிளம்பினார்கள், நிலம் பொதுவெளியானது. வீடு இல்லை என்றால் பயணி ஏது? 1906இல் வேலை நின்றது. ஒரு மேட்டு நிலம் பிழைத்ததற்குச் சாட்சியாக அந்தச் சுரங்கம் பூமிக்குள் இருக்கிறது. எனக்கு இந்த நிலையத்தின் மேல் தனிப் பிரியம்.

கட்டி, ஓட்டி, பிறகு கைவிட்டவற்றில் அழகானது நியூயார்க்கின் சிட்டி ஹால். 1904 அக்டோபர் 27 அன்று அந்த நகரத்தின் முதல் சுரங்கப் பாதை தொடங்கியபோது அதுதான் மகுடம். ஓடு பதித்த வளைவுக் கூரை, கண்ணாடி வழியே இறங்கும் வெளிச்சம், பித்தளை விளக்குகள். நடைமேடையும் வளைவு. அந்த வளைவே வினையாயிற்று. ரயில்கள் நீண்டன, பெட்டியின் நடுவிலும் கதவு வந்தது. வளைவில் கதவுக்கும் மேடைக்கும் நடுவே ஆள் விழும் அளவுக்கு இடைவெளி. பக்கத்திலேயே வேறு நிலையம் இருந்ததால் இங்கே கூட்டமும் இல்லை. 1945 டிசம்பர் 31உடன் மூடிவிட்டார்கள். ஆறாம் எண் ரயில் இன்னமும் அந்த வளைவைச் சுற்றித்தான் திரும்புகிறது.

இந்த மாதிரி இடங்களுக்குள் இளைஞர்கள் திருட்டுத்தனமாக நுழைவதுண்டு. ஆசை புரிகிறது. ஆனாலும் அது கூடாது. அங்கே மின்சாரம் மேலே கம்பியில் போகவில்லை. தரையோடு ஓடும் மூன்றாவது தண்டவாளத்தில் சுமார் 600 வோல்ட் ஓடுகிறது. இருட்டில் ஒரு கால் தவறினால் முடிந்தது. எதிரே வரும் ரயில் ஓட்டுநரின் கதியையும் யோசிக்க வேண்டும். முறையான வழி இருக்கிறது: நியூயார்க்கில் போக்குவரத்து அருங்காட்சியகம் தன் உறுப்பினர்களைச் சிட்டி ஹாலுக்கு அழைத்துப் போகிறது. லண்டன் போக்குவரத்து அருங்காட்சியகமும் மூடிய நிலையங்களைச் சுற்றிக் காட்டுகிறது. அதில் டவுன் ஸ்ட்ரீட் ஒன்று. 1932இல் மூடியது, போர்க்காலத்தில் சர்ச்சில் தங்கிய இடம். பாழடைந்த இடத்தைப் பூட்டிப் போடாமல் கதை சொல்லிக் காட்டுகிறார்களே, அந்த அக்கறை நமக்கும் வேண்டும்.

நமக்கும் என்று சும்மா சொல்லவில்லை. மூணாறில் 1902இல் மாடு இழுக்கும் ஒற்றைத் தண்டவாள வண்டி வந்தது; 1908இல் இரண்டடி அகலப் பாதையில் இன்ஜின் ஓடியது. தேயிலைப் பெட்டிகள் டாப் ஸ்டேஷன் போய், கம்பிவடத்தில் கொட்டகுடிக்கு இறங்கி, போடி சேர்ந்தன. 1924இல், அதாவது கொல்லம் ஆண்டு 1099இல், நம் பெரியவர்கள் தொண்ணூற்றொன்பது வெள்ளம் என்பார்களே, அது எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போனது. பாதை போன இடங்களில் எது எங்கே இருந்தது என்று நின்று படிக்கப் பலகைகள் வைக்கப் பஞ்சாயத்தும் எஸ்டேட்டும் சேர்ந்தால் போதும். அதற்கு முன்னால் ஒரு வேலை அவசரம். அந்த வெள்ளத்தைக் கண்டவர்களிடம் நேரில் கதை கேட்ட தாத்தா பாட்டிகள் நம் லயங்களில் இருக்கிறார்கள். மாட்டுப்பட்டி, குண்டளை பக்கத்து ஆசிரியர்களே, இந்த விடுமுறையிலேயே பிள்ளைகளை ஒரு நோட்டோடு அவர்களிடம் அனுப்புங்கள்.

நன்றி, வணக்கம்.