மேசையில் இரண்டு பெரெட்டா

வணக்கம் நேயர்களே. கைத்துப்பாக்கியைப் பற்றி வானொலியில் பேசச் சொன்னால் ஒரு சங்கடம், எதையும் எடுத்துக் காட்ட முடியாது. அதனால் உங்கள் முன்னால் ஒரு மேசை, அதன் மேல் எண்ணெய்க் கறை படிந்த ஒரு பழந்துணி, துணி மேல் இரண்டு பிஸ்டல் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் கறுப்பு, இரண்டும் பெரெட்டா என்ற இத்தாலியக் கம்பெனியுடையவை, இரண்டும் ஏறக்குறைய 950 கிராம், இரண்டுக்கும் 9 மி.மீ. தோட்டாதான். ஒன்றில் எம்9 என்றும் மற்றதில் 92எஃப்எஸ் என்றும் பொறித்திருக்கும். எம்9 என்பது அமெரிக்க ராணுவம் பழைய .45 கோல்ட்டை ஓரம்கட்டிவிட்டு 1985-ல் எடுத்துக்கொண்ட மாடல். 92எஃப்எஸ் அதே கம்பெனி கடைகளுக்கு அனுப்பியது.

இவற்றை எனக்குக் காட்டியவர் அமெரிக்க ராணுவத்தில் ஆயுதங்களைப் பழுதுபார்த்து ஓய்வு பெற்ற நண்பர். காட்டிவிட்டு, "எது ஒசத்தி, சொல்லு" என்றார். நான் யோசிக்காமல் எம்9 என்றேன். ராணுவத்துக்குப் போகும் சாமான் கடைச் சரக்கைவிட உறுதியாகத்தானே இருக்கும்? அவர் சிரித்தார். முதலில், அந்த எம்9 பிஸ்டலே நிஜமான ராணுவச் சரக்கு இல்லையாம். சீரியல் நம்பருக்கு முன்னால் எம்9 என்று இருந்தால் அது பொதுமக்களுக்காகச் செய்தது, ராணுவத்துடையதில் வெறும் எண் மட்டும்தான் இருக்கும். ஆள் மாறாட்டம் அங்கேயே ஆரம்பித்துவிட்டது.

சரி, வித்தியாசம் எங்கே? குறிபார்க்கும் இடத்தில் ஒன்று. 92எஃப்எஸ்ஸில் மூன்று வெள்ளைப் புள்ளிகள், அவற்றை ஒரே வரிசையில் நிறுத்த வேண்டும். எம்9-ல் முன்னால் ஒரு புள்ளி, பின்னால் ஒரு கோடு, புள்ளியைக் கோட்டின் தலையில் உட்காரவைக்க வேண்டும். இன்னொன்று, குழலுக்குக் கீழே பிரேம் என்ற அடிச்சட்டத்தின் முன்பகுதி. எம்9-ல் அது நேராக, மெல்லிசாக ஓடும். 92எஃப்எஸ்ஸில் சாய்வாக வெட்டி, கொஞ்சம் தடிமனாக்கி இருப்பார்கள். அந்தத் தடிமனைப் பார்த்ததும் எனக்குச் சந்தேகம் வந்தது, உறுதியாக்கினதை ராணுவத்துக்கு அல்லவா கொடுத்திருக்க வேண்டும்?

அங்கேதான் விஷயம் இருக்கிறது. ராணுவம் துப்பாக்கியை மட்டும் வாங்குவதில்லை, வரைபடத்தோடு வாங்குகிறது. எந்த உதிரிப்பாகமும் எந்தத் துப்பாக்கியிலும் பொருந்த வேண்டும், எந்த நாட்டில் எந்த முகாமில் திறந்தாலும் உள்ளே அதே அளவுதான் இருக்க வேண்டும். லட்சக்கணக்கில் வாங்கி வைத்த பிறகு கம்பெனிக்கு ஒரு நல்ல யோசனை தோன்றினால் அதைச் சட்டென்று நுழைக்க முடியாது, காகிதம் மாற வேண்டும், பரிசோதனை நடக்க வேண்டும், கையெழுத்துகள் விழ வேண்டும். கடைக்குப் போகும் மாடலுக்கு அந்தத் தடை கிடையாது. அதனால் ராணுவ மாடல் ஒப்பந்தம் போட்ட நாளில் உறைந்து நிற்கும், சிவில் மாடல் நகர்ந்துகொண்டே இருக்கும். மேசையில் இருந்த இரண்டில் பழைய உருவம் எம்9-உடையதுதான்.

இதற்காக ராணுவத்தால் சிவில் மாடலுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். நண்பர் 92எஃப்எஸ்ஸின் ஸ்லைடை, அதாவது சுடும்போது முன்னும் பின்னும் ஓடும் மேல்பகுதியைக் கழற்றி மல்லாக்கப் போட்டார். இடப்பக்கம் அடியில் ஒரு குறுகலான பள்ளம் தெரியும். பிரேமில் அதே இடத்தில் ஹேமர் என்ற சுத்தியலைத் தாங்கும் ஊசியின் தலை பெரிதாக, ஒரு சின்னப் பித்தான் மாதிரி இருக்கும். அந்தப் பித்தான் எஸ் என்ற ஒற்றை எழுத்தின் கதை. 1980-களின் கடைசியில், அமெரிக்கக் கடற்படையின் சிறப்புப் படை வீரர்கள் பயிற்சியில் சுட்டுச் சுட்டுத் தள்ளியபோது சில பிஸ்டல்களின் ஸ்லைடு நடுவில் உடைந்து, பின்பாதி சுட்டவரின் முகத்திலேயே வந்து அடித்தது. தோட்டாவின் அழுத்தம் அதிகம் என்று ஒரு கட்சி, உலோகம் சரியில்லை என்று இன்னொரு கட்சி, சண்டை நீண்டது. அதற்குள் கம்பெனி செய்தது எளிமையான வேலை: ஊசியின் தலையைப் பெரிதாக்கி, அது ஓட ஸ்லைடில் ஒரு பள்ளம் வெட்டிவிட்டது. இனிமேல் ஸ்லைடு உடைந்தாலும் பின்னால் பறக்காது, அந்தத் தலையில் முட்டி நின்றுவிடும். 92எஃப் என்று இருந்த பெயர் 92எஃப்எஸ் ஆனது. வருஷத்துக்கு நூறு தோட்டா சுடுகிற ஆள் கையில் அந்தக் குறை எத்தனை வருஷம் ஒளிந்திருந்திருக்குமோ, வெளியே கொண்டுவந்தது ராணுவத்தின் முரட்டு உபயோகம்தான்.

விசையைச் சுற்றி இருக்கும் வளையத்தைப் பாருங்கள், முன்பக்கம் சதுரமாக இருக்கும். மற்றக் கையின் ஆள்காட்டி விரலை அங்கே ஊன்றிக்கொள்ளலாம் என்பது அந்தக் காலத்துப் பாணி. இன்று கிட்டத்தட்ட யாரும் அப்படிப் பிடிப்பதில்லை. ராணுவத் தேர்வுக்காக வந்த அந்தச் சதுரம் 92எஃப்எஸ்ஸிலும் அப்படியே தங்கிவிட்டது.

அப்புறம் மேகசின் விவகாரம், அதாவது கைப்பிடிக்குள் செருகும் தோட்டாப் பெட்டி. எனக்கு இதுதான் ரொம்பப் பிடித்தது. ராணுவம் தன் ஒப்பந்தத்தில் மேகசினுக்குக் கனமான பாஸ்பேட் பூச்சு வேண்டும் என்று எழுதியிருந்தது, துரு பிடிக்கக் கூடாதே. அந்தப் பூச்சு சொரசொரப்பானது. ஈராக்கின் பொடி மணல் உள்ளே போய் அந்தச் சொரசொரப்பில் ஒட்டிக்கொள்ள, தோட்டா மேலே ஏறாமல் சிக்கியது. வீரர்கள் துப்பாக்கியைத் திட்டினார்கள். ஆனால் பெரெட்டா தன் சொந்தத் தொழிற்சாலையில் செய்த வழவழப்பான மேகசினைப் போட்டால் அதே பிஸ்டல் ஒழுங்காக ஓடியது. பிறகு மணல் ஒட்டாத பூச்சோடு புது மேகசின் வந்தது. ராணுவத் தரம் என்று ஒரு பொருளின் டப்பாவில் அச்சிட்டிருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த மேகசின்தான் ஞாபகத்துக்கு வரும்.

சட்டம் போட்ட வித்தியாசங்களும் உண்டு. 1994 முதல் 2004 வரை அமெரிக்காவில் பொதுமக்களுக்காகப் புதிதாகச் செய்யும் மேகசினில் 10 தோட்டாவுக்கு மேல் கூடாது. அதே உறைக்குள் 15 தோட்டா பிடிக்கும் இடம் இருந்தும் 10-ல் நிறுத்தி விற்றார்கள். பெரெட்டாவின் சொந்த நாடான இத்தாலியில் இன்னும் வேடிக்கை. 9x19 என்கிற இந்த 9 மி.மீ. தோட்டா போர்த் தோட்டா என்று சொல்லி பல பத்தாண்டுகள் குடிமக்களின் பிஸ்டலுக்கு அதைத் தரவில்லை, அதனால் கம்பெனி கூடு 2 மி.மீ. நீளமான 9x21 தோட்டாவுக்கு 98எஃப்எஸ் என்று ஒன்றைச் செய்து விற்றது. மற்றபடி எல்லாம் அதேதான். போர் ஆயுதத்துக்கும் வீட்டு ஆயுதத்துக்கும் நடுவே 2 மி.மீ. பித்தளை.

எப்போதும் சிவில் மாடல்தான் முந்துகிறது என்று நான் சொல்ல வரவில்லை. எம்9-க்கு அடுத்து 2017 ஜனவரியில் அமெரிக்க ராணுவம் சிக் சாவர் என்ற வேறு கம்பெனியின் பி320 பிஸ்டலை எம்17 என்ற பெயரில் எடுத்தது. ராணுவச் சோதனையில் கீழே போட்டுப் பார்த்தபோது தோட்டாவை வெடிக்கவைக்கும் அடியூசி தானாகப் போய் அடிக்கும் குறை தெரிந்தது, விசைப் பகுதியின் பாகங்களை எடை குறைத்துச் சரிசெய்தார்கள். கடையில் விற்ற பி320-க்கு அந்தத் திருத்தம், விரும்பியவர்கள் அனுப்பி மாற்றிக்கொள்ளலாம் என்ற அறிவிப்பாக ஆகஸ்டில்தான் வந்தது, அதுவும் ஒரு குறிப்பிட்ட கோணத்தில் விழுந்தால் வெடிக்கிறது என்று வெளியில் சத்தம் கிளம்பிய பிறகு. இங்கே காசு கொடுத்து வாங்கிய பொதுஜனம்தான் பின்னால் நின்றது.

பெயர்க் குழப்பத்துக்கு உச்சம் எம்9ஏ3. 2014 கடைசியில் பெரெட்டா இதைத் திருத்திய எம்9 என்று ராணுவத்திடம் கொண்டுபோனது, ராணுவம் வேண்டாம் என்றது. அதே பெயரோடு அது கடைக்கு வந்தது. ராணுவமே வாங்காத ராணுவ மாடல்.

கடைசியில் நண்பரிடம் கேட்டேன், இவ்வளவு தெரிந்த நீங்கள் சுடப் போகும்போது எதை எடுத்துப் போவீர்கள் என்று. கண்ணிமைக்காமல் எம்9-ஐத் தொட்டார். "இருபது வருஷம் புள்ளியைக் கோட்டுமேல வச்சுப் பழகின கண்ணு. மூணு புள்ளியைப் பார்த்தா எண்ண ஆரம்பிச்சிடுறேன்."