மூச்சை இழுத்தால் மேலே, விட்டால் கீழே: ஆர்கோ மிதவை பற்றி ஒரு கேள்வி

ஆர்கோ மிதவை என்பது கடலில் தானாக முழுகி எழுந்து தண்ணீரை அளக்கும் ஆளில்லாக் கருவி. அதைப் பற்றித்தான் அடுத்த கேள்வி, கேட்பவர் குடியாத்தத்திலிருந்து ஒரு தம்பி. "சார், ஆர்கோ மிதவை 2,000 மீட்டர் ஆழம் வரை போய் வரும், புரொப்பெல்லர் கிடையாது என்றீர்கள். அப்புறம் எப்படி ஏறி இறங்குகிறது? நீரோட்டத்தை எதை வைத்து அளக்கிறது?"

நமக்குக் கடல் தூரம், கிணறு பக்கம். கிணற்றில் மல்லாந்து மிதக்கும்போது மூச்சை இழுத்துப் பிடித்தால் மார்பு மேலே வரும், விட்டால் உடம்பு இறங்கும். எடை அதேதான், உடம்பு அடைக்கும் இடம் மட்டும் கூடிக் குறைகிறது. மிதவையும் இதைத்தான் செய்கிறது, எண்ணெயை வைத்து. சுமார் 20 கிலோ எடையுள்ள குழாய், அடியில் ஒரு ரப்பர் பை. உள்ளே இருக்கும் எண்ணெயைப் பம்ப் அந்தப் பைக்குள் தள்ளினால் பை உப்பும், மிதவை ஏறும். எண்ணெய் உள்ளே திரும்பினால் இறங்கும். காற்று ஏன் கூடாது? 1,000 மீட்டரில் அழுத்தம் மேலே இருப்பதைப்போல நூறு மடங்கு. காற்றை நசுக்கிவிடும். எண்ணெய் அவ்வளவு லேசில் சுருங்காது.

முதலில் 1,000 மீட்டருக்குப் போய், ஒன்பது நாள் போல நீரோடு நகரும். அப்புறம் 2,000 வரை இறங்கி, மேலே வரும் வழியெல்லாம் வெப்பநிலை, உப்பு, அழுத்தம் மூன்றையும் அளக்கும். மேலே வந்ததும் சாட்டிலைட்டுக்கு அனுப்பிவிட்டு மறுபடி முழுகும். பத்து நாளைக்கு ஒரு சுற்று. உலகக் கடல்களில் இப்படிச் சுமார் 4,000 மிதவைகள் இருக்கின்றன. நம் நாட்டு மிதவைகளின் தரவைப் பார்ப்பது ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் (INCOIS) என்ற மத்திய அரசின் கடல் தகவல் மையம்.

உப்பை எப்படி என்றால், ஆர்.ஓ. மாட்ட வருகிறவர் பேனா மாதிரி டிடிஎஸ் மீட்டரை டம்ளரில் விடுவார் இல்லையா? எங்கள் போர் தண்ணீரில் 1,400 என்று காட்டியதும் என்னைக் குற்றவாளி மாதிரி பார்த்தார். அந்த மீட்டர், தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு சுலபமாகப் பாய்கிறது என்று பார்த்துத்தான் உப்பைச் சொல்கிறது. மிதவையிலும் அதே தத்துவம்தான், துல்லியம் மட்டும் பல மடங்கு அதிகம்.

நீரோட்டத்துக்குத் தனிக் கருவியே கிடையாது. 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் போனபோது பாலத்தில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், ஒரு தென்னை மட்டை போகிற வேகம்தான் ஆற்றின் வேகம். மிதவையே இங்கே மட்டை. முழுகிய இடத்துக்கும் எழுந்த இடத்துக்கும் உள்ள தூரத்தை நாள் கணக்கால் வகுத்தால் 1,000 மீட்டர் ஆழத்து ஓட்டம் கிடைக்கும். ஏறி இறங்கும்போது மேல் ஓட்டங்களும் கொஞ்சம் இழுக்கும், அதனால் இது தோராயம்தான்.

பேட்டரி தீர்ந்ததும் யார் எடுப்பார்கள் என்றும் கேட்டிருக்கிறார். பெரும்பாலும் யாரும் எடுப்பதில்லை தம்பி. நாலைந்து வருஷம் ஓடும், அப்புறம் கடலோடு போய்விடும். ஒன்றைத் தேடிக் கப்பல் அனுப்பினால் அந்தச் செலவுக்குப் புது மிதவையே வாங்கிவிடலாம். கணக்குச் சரிதான், ஆனாலும் எனக்கு அது கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது.