நட்சத்திரத்தை விரட்டுவது சம்பள வரம்பு அல்ல

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். சம்பளத்துக்கு உச்சவரம்பு வைக்கும் கால்பந்து கிளப்புக்கு நட்சத்திர வீரர்கள் வருவார்களா, மாட்டார்களா என்பது வழக்கு. "அள்ளிக் கொடுக்கிற கிளப்புக்குத்தான் வருவார்கள்" என்று வாதாடி அமர்ந்திருக்கிறார் எதிரணி நண்பர். அள்ளிக் கொடுத்த பார்சிலோனாவையே எடுத்துக்கொள்வோம்.

2021 ஆகஸ்ட். பாதிச் சம்பளத்துக்கு ஆட மெஸ்ஸி சம்மதித்துவிட்டார். கிளப்பும் அவரை விட மனமில்லாமல் நிற்கிறது. ஆனாலும் பெயரைப் பதிவு செய்ய முடியவில்லை. ஸ்பெயின் லீக்கில் வருமானத்தைப் பொறுத்து ஒவ்வொரு கிளப்புக்கும் செலவு வரம்பு உண்டு. மெஸ்ஸியைச் சேர்த்தால் சம்பளச் செலவு வருமானத்தில் 110 சதவீதம், அவர் இல்லாமலே 95 சதவீதம் என்று கிளப் தலைவர் லபோர்டாவே கணக்குச் சொன்னார். கொரோனாவில் மைதானம் மூடிக்கிடந்தது உண்மைதான். ஆனால் வருமானம் விழுந்தாலும் ஒப்பந்தத்தில் எழுதிய சம்பளம் விழாது. அதுதான் கழுத்தைப் பிடித்தது. மெஸ்ஸியை அனுப்பியது சம்பளக் கொள்கையா, கொள்கை இல்லாமையா?

அடுத்து, எடுத்த வீரரை வெளியே அனுப்புவதற்குக் கிளப் படும் பாடு. 2018 ஜனவரியில் மான்செஸ்டர் யுனைடெட் அலெக்சிஸ் சான்செஸைப் பெரும் சம்பளத்துக்குக் கொண்டுவந்தது. 45 ஆட்டம், 5 கோல். அந்தச் சம்பளத்தை முழுதாக ஏற்க ஆளில்லாமல், 2019இல் இத்தாலியின் இன்டர் மிலானுக்கு லோனில், அதாவது தற்காலிகமாக ஆட அனுப்பி, ஒரு பங்கை யுனைடெட்டே கட்டியது. ஒருவருக்கு எழுதும் தொகை ரகசியமாகவும் இருக்காது. ஒப்பந்தம் புதுப்பிக்க வரும் ஒவ்வொரு ஏஜென்டும் அந்தத் தொகையிலிருந்துதான் பேரத்தைத் தொடங்குவார்.

இப்போது ஜெர்மனியின் டார்ட்மண்ட் கிளப்பைப் பாருங்கள். இங்கிலாந்தின் பெரிய கிளப்புகளோடு சம்பளத்தில் மோத அதனால் முடியாது. ஆனாலும் 2020இல் 19 வயது ஹாலண்டும் 17 வயது பெல்லிங்ஹாமும் அங்கேதான் போனார்கள். வாரந்தோறும் ஆட இடம், ஐரோப்பாவின் முன்னணிக் கிளப்புகள் மோதும் சாம்பியன்ஸ் லீக் மேடை. ஹாலண்டுக்கு, இவ்வளவு வந்தால் விடுவோம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிய விடுவிப்புத் தொகை. சுமார் 2 கோடி யூரோவுக்கு வந்த ஹாலண்ட் 2022இல் சுமார் 6 கோடிக்குப் போனார். பெல்லிங்ஹாமுக்கு 2023இல் 10 கோடிக்கு மேல் வந்தது. இப்படிப்பட்ட கிளப்பால் நட்சத்திரத்தை நெடுநாள் வைத்திருக்க முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஈர்க்க முடிகிறது. போகும்போது அடுத்தவரை வாங்கப் பணமும் கிடைக்கிறது.

வரம்பு என்றால் கஞ்சத்தனம் இல்லை. அடிப்படைச் சம்பளத்தை அளவாக வைத்து, ஆடிய ஆட்டத்துக்கு, கோலுக்கு, சாம்பியன்ஸ் லீக் தகுதிக்கு என்று போனஸை ஏற்றலாம். கீழ் டிவிஷனுக்கு இறங்கினால் சம்பளம் இத்தனை சதவீதம் குறையும் என்ற ஷரத்தும் வேண்டும். அது இல்லாத கிளப் இறங்கிய ஆண்டே தடுமாறும்.

2025–26 முதல் ஐரோப்பியப் போட்டிகளில் ஆடும் கிளப்புகளுக்கு ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யுஇஎஃப்ஏ வைத்த வரம்பு வருமானத்தில் 70 சதவீதம். வீரர், பயிற்சியாளர் சம்பளம், ஏஜென்ட் கமிஷன், வாங்கிய விலையின் ஆண்டுப் பங்கு எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். 5 கோடி யூரோவுக்கு 5 ஆண்டு ஒப்பந்தத்தில் ஒருவரை எடுத்தால், சம்பளம் தொடங்கும் முன்பே ஆண்டுக்கு 1 கோடி கணக்கில் ஏறிவிடும். அள்ளிக் கொடுக்கும் சம்பளத்தை இதில் எங்கே அடக்குவீர்கள் என்று எதிரணியின் அடுத்த பேச்சாளர் சொல்லட்டும், நடுவர் அவர்களே.